தேக்கடி லேக் பேலஸ்: அரண்மனை முதலில் வந்ததா, ஏரி முதலில் வந்ததா?

கம்பம்_பன்னீர்திராட்சை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்கு அவர்களைத் தேக்கடி லேக் பேலஸில் ஒரு ராத்திரி தங்க வைத்தோம், நானும் தங்கையும் கூடப் போயிருந்தோம். கம்பத்தில் பிறந்து வளர்ந்த குடும்பம், குமுளிக்கு மாதம் இரண்டு தடவையாவது போய் வருவோம், ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்தது இதுதான் முதல் தடவை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அதற்கு ரோடு கிடையாது. தேக்கடி படகுத்துறையில் ஏறினால் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் ஏரியில் போக வேண்டும். சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அப்புறம் காலை வரை வெளியே வர முடியாது. மேட்டின் மேல் கட்டடம், கீழே மூன்று பக்கமும் தண்ணீர். மொத்தமே ஆறு அறைதான். சுற்றிலும் யானை ஏறி வராதபடி ஆழமாக அகழி வெட்டியிருக்கிறார்கள், ராத்திரி அதைத் தாண்டி நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சுற்றி நீளமான திண்ணை, ஓட்டுக் கூரை, பழைய மரச்சாமான். அம்மா அந்தத் திண்ணையில் உட்கார்ந்தவர் சாப்பிடக் கூப்பிடும்வரை எழுந்திருக்கவே இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு காணொளி பார்த்தேன். "பல நூறு வருடப் பழமையான இயற்கை ஏரியின் கரையில் ராஜா கட்டிய கோடை மாளிகை" என்று பேசுகிறார்கள், கீழே கருத்து எழுதின அத்தனை பேரும் ஆமாம் போடுகிறார்கள். கம்பத்துக்காரனாக எனக்கு அது பொறுக்கவில்லை. நம் பக்கத்து ஆட்கள் இந்த இடத்தைப் பற்றித் தெரிந்ததை இங்கே எழுதி வைத்தால் நன்றாக இருக்கும்.

ஓய்வு_பாசனம் எழுதியது:

தம்பி, நல்ல காரியம் செய்தீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் பாசனப் பிரிவில் வேலை பார்த்தவன் நான், இதற்குப் பதில் சொல்லாமல் விட முடியாது.

1895க்கு முன்னால் அந்த இடத்தில் ஏரியே கிடையாது. பெரியாறும் முல்லையாறும் சேரும் காட்டுப் பள்ளத்தாக்கு அது. திருவிதாங்கூர் மகாராஜா மூலம் திருநாள் காலத்தில், 1886 அக்டோபர் 29ஆம் தேதி, முல்லைப் பெரியாறு அணை கட்டச் சென்னை மாகாணத்தோடு ஒப்பந்தம் ஆனது. 8,000 ஏக்கர், 999 வருடக் குத்தகை, ஏக்கருக்கு 5 ரூபாய், ஆக வருடத்துக்கு 40,000 ரூபாய். அடுத்த வருடம் வேலையைத் தொடங்கினார்கள். காலரா, மலைக்காய்ச்சல், ஆற்று வெள்ளம் எல்லாவற்றையும் தாண்டி ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையை 1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் திறந்து வைத்தார். சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) சேர்த்துக் கட்டியது, அடியிலிருந்து 176 அடி உயரம். ஆறு அதில் முட்டித் திரும்பிப் பள்ளத்தாக்கு முழுக்க நிறைந்ததுதான் நீங்கள் படகில் போன ஏரி. சுமார் 26 சதுர கிலோமீட்டர்.

படகில் போகும்போது தண்ணீருக்கு மேல் கருத்துப்போன மரக்கட்டைகள் நின்றிருக்குமே, கவனித்தீர்களா? அவை 1895இல் முழுகின காட்டு மரங்கள். அறுத்து எடுக்காமல் தண்ணீரை ஏற்றிவிட்டார்கள். வைரம் பாய்ந்த நடுமரம் மட்டும் நூற்று முப்பது வருடமாக நிற்கிறது. இயற்கை ஏரி என்று யாராவது சொன்னால் அந்தக் கட்டையைக் காட்டுங்கள். இயற்கை ஏரியின் நடுவில் காடு எப்படி முளைத்திருக்கும்?

ஆக, ஏரி முதலில் வந்தது. ஏரிக்கரை மாளிகை அதற்கு அப்புறம்தான் வந்திருக்க முடியும்.

கம்பம்_பன்னீர்திராட்சை எழுதியது:

ஐயா, கவனித்தேன். ஒரு கட்டையின் உச்சியில் பாம்புத்தாரா சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றது, படகு ஐந்தடி பக்கத்தில் போயும் அசையவில்லை. கட்டையின் அடியில் தண்ணீர் மட்டம் ஏறி இறங்கின கோடு வளையம் வளையமாகத் தெரிந்தது. அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று இருந்தது, படகுக்காரர் கையை வெளியே நீட்டக் கூடாது என்று தடுத்துவிட்டார். அது முழுகின காடு என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஏலக்காடு_குமுளி எழுதியது:

நான் குமுளிக்காரி. தாத்தா காலத்தில் கூடலூரிலிருந்து மலையேறி வந்தவர்கள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம்.

ராஜா பக்கத்துக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திருவிதாங்கூர் ராஜாக்களுக்குக் கோடைக்கு மலையேறுகிற வழக்கம் இருந்தது. பீர்மேடு பக்கம் குட்டிக்கானத்தில் ஒரு அரண்மனை இருக்கிறது, அம்மச்சிக் கொட்டாரம் என்பார்கள். அந்த வம்சத்தில் பட்டம் மருமக்கள் வழியில் போகும், அதனால் ராஜாவின் மனைவிக்கு ராணி என்ற பெயர் கிடையாது, அம்மச்சி என்றுதான் அழைப்பார்கள். அவர்கள் வந்து தங்குகிற வீடு, அதனால் அம்மச்சிக் கொட்டாரம். கோடைக்கு அங்கே குளிர் உண்டு, மூடுபனி உண்டு, ஆனால் இப்படி ஒரு தண்ணீர்ப்பரப்பு கிடையாது. அணை கட்டின பிறகு இந்தப் பக்கம் இப்படி ஒரு ஏரி அமைந்துவிட்டது. இடப்பாளையத்தில் மாளிகை எழும்பினது அதனால்தான். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் லேக் பேலஸ் என்று சொல்லவே மாட்டார்கள், இடப்பாளையம் பங்களா என்றுதான் சொல்வார்கள்.

ராஜா, அவருடைய விருந்தாளிகள், வேட்டைக்கு வருகிற வெள்ளைக்காரத் துரைமார்கள் என்று அங்கே தங்கியிருக்கிறார்கள். காலையில் திண்ணையில் நின்றாலே எதிர்க்கரையில் மிளா, காட்டெருமை, யானை எல்லாம் தண்ணீர் குடிக்க இறங்கும். இப்போதும் இறங்கும்.

வைகைக்கரை_செல்வம் எழுதியது:

படம் ஏதாவது போடுங்களேன் அண்ணே. நான் தேடினால் ஏரிக்கு நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய அரண்மனைதான் வருகிறது, அதுவா?

ஏலக்காடு_குமுளி எழுதியது:

இல்லை தம்பி, அது ராஜஸ்தான் உதய்பூர். பிச்சோலா ஏரிக்குள் இருக்கும் ஜக் நிவாஸ். மகாராணா இரண்டாம் ஜகத்சிங் 1740களில் கோடைக்குத் தங்கக் கட்டியது, 1960களில் ஹோட்டல் ஆக்கினார்கள், இப்போது தாஜ் நடத்துகிறது. பளிங்கு, தாமரைக்குளம், மாடம் மாடமாக இருக்கும். பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான். நம்முடையது ஓட்டுவீடு, மரத்தூண், காட்டுக்குள்ளே தனியாக. அங்கே போகிறவர்கள் கட்டடத்தைப் பார்க்கப் போகிறார்கள், இங்கே வருகிறவர்கள் கட்டடத்திலிருந்து காட்டைப் பார்க்க வருகிறார்கள். எனக்கு இதுதான் பெரிது, ஊர்ப்பாசம் என்று நினைத்தாலும் சரி.

கூடலூர்_இருபோகம் எழுதியது:

எல்லாரும் அழகாக எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம். அந்த நெல் இந்த ஏரியை நம்பித்தான் இருக்கிறது. 1979இல் அணை பலவீனம் என்று சொல்லி, தண்ணீர் தேக்கும் மட்டத்தை 152 அடியிலிருந்து 136 அடிக்கு இறக்கினார்கள். பதினாறு அடி! தண்ணீர் வடிந்து வெளியே தெரிந்த நிலத்துக்குப் பக்கத்தில் கட்டடம் கட்டடமாக எழும்பிவிட்டது. மட்டத்தை உயர்த்தினால் ஹோட்டல் முழுகிவிடும் என்றுதான் எதிர்க்கிறார்கள் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். இந்த லேக் பேலஸைக் கொண்டாடும்போது அதையும் நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு அது வேடிக்கை பார்க்கிற தண்ணீர், எங்களுக்குச் சோறு.

ஓய்வு_பாசனம் எழுதியது:

கூடலூர் தம்பி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, அந்த மட்டத்துக்காக எத்தனை கோப்பு தூக்கி அலைந்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் இந்தக் கட்டடத்தின் மேல் அந்தப் பழியைப் போடாதீர்கள்.

குத்தகைப் பத்திரத்தில் 155 அடி உயரக் கோடு என்று ஒன்று உண்டு. அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள நிலம்தான் நமக்குக் குத்தகைக்கு வந்தது. தண்ணீர் 152 அடிவரை வரலாம் என்றிருந்த காலத்திலேயே ராஜாவின் ஆட்கள் மேட்டைப் பார்த்துத்தான் மாளிகையைக் கட்டியிருக்கிறார்கள். 152க்கு ஏறினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. சொல்லப்போனால் தண்ணீர் ஏறினால் அதற்கு நல்லதுதான், படகு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும், படி ஏறுவது குறையும். 

1979இல் நடந்ததையும் சரியாகச் சொல்ல வேண்டும். அந்த வருடம் ஆகஸ்டில் குஜராத்தில் மோர்வி ஊருக்கு மேலே மச்சு அணை உடைந்து ஊரே அடித்துப் போனது. அதற்குப் பின்னால் கேரளத்தில் கிளம்பின பயத்தில்தான் மத்திய நீர் ஆணையம் வந்து பார்த்து, பலப்படுத்தும் வேலை முடியும்வரை 136 என்று வைத்தது. அணையைப் பலப்படுத்தினோம், கான்கிரீட் தாங்கு சுவர் கொடுத்தோம், மேல் பாரம் ஏற்றினோம், கம்பி நங்கூரம் இறக்கினோம். 2006இலும் 2014 மே 7ஆம் தேதியும் உச்ச நீதிமன்றம் 142 என்று சொன்னது. 2014 நவம்பரில் 142 தொட்ட அன்று தேனி மாவட்டத்தில் வெடி வெடித்தது எனக்கு நினைவிருக்கிறது.

மற்றக் கட்டடங்களைப் பற்றி நீங்கள் சொல்வது தனி வழக்கு. ஆனவச்சால் கார் நிறுத்தும் இடம் குத்தகை நிலத்துக்குள் வருகிறதா இல்லையா என்று இரண்டு மாநிலமும் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. அதை அங்கே பேசுவோம். ராஜா கட்டின மாளிகை அந்தச் சண்டைக்கு ரொம்ப மூத்தது.

கூடலூர்_இருபோகம் எழுதியது:

ஐயா சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். 155 அடிக் கோடு விஷயம் எனக்கு இதுவரை யாரும் இப்படி விளக்கிச் சொன்னதில்லை. மாளிகையைப் பற்றி எழுதினதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், மற்றதை எடுக்க மாட்டேன்.

பாறைப்பட்டி_மலைநடை எழுதியது:

ஒரு விஷயம் யாரும் தொடவில்லை. வேட்டைக்கு வந்த மாளிகை எப்படிச் சரணாலயத்துக்குள் போனது?

நான் புரிந்துகொண்ட வரிசையைச் சொல்கிறேன். ஏரி நிறைந்து நாலு வருடத்தில், 1899இல், சுற்றியுள்ள காட்டைக் காப்புக்காடு ஆக்கிவிட்டார்கள். மேலே காட்டை அழித்தால் மண் சரிந்து ஏரி தூர்ந்து போகும் அல்லவா. ஆனால் பீர்மேடு, வண்டிப்பெரியார் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே வந்துகொண்டே இருந்தது. கடைசி மகாராஜா சித்திரைத் திருநாள் 1933இல் ராபின்சன் என்ற துரையைக் காட்டுவிலங்குக் காப்பாளராகப் போட்டார், 1934இல் ஏரியைச் சுற்றின காட்டை நெல்லிக்காம்பட்டி சரணாலயம் என்று அறிவித்தார். தேயிலை அந்தக் கோட்டில் நின்றது. கோயிலை எல்லாச் சாதிக்கும் திறந்துவிட்ட அதே ராஜா, அது 1936இல்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1950இல் 777 சதுர கிலோமீட்டராகப் பெரியாறு சரணாலயம் ஆனது, 1978இல் புலிகள் காப்பகம், பின்னால் இன்னும் 148 சேர்ந்து இப்போது 925. ராஜா போய், திருவிதாங்கூர் போய், 1956இல் பீர்மேடு தேவிகுளம் எங்களுக்கு வேண்டும் என்று தமிழர்கள் போராடியும் கேரளத்தோடு போய், 1966இல் தொடங்கின கேரளச் சுற்றுலாக் கழகத்தின் கைக்கு மாளிகை வந்து ஹோட்டல் ஆனது. படகுத்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் கல் கட்டடம் ஆரண்ய நிவாஸும் அவர்களுடையதுதான்.

எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். மதுரைக்குத் தண்ணீர் கொண்டுபோகக் கட்டின அணையால் ஏரி வந்தது. ஏரியைக் காப்பாற்றக் காட்டைக் காத்தார்கள். காடு இருந்ததால் விலங்கு மிஞ்சியது. இன்றைக்கு அந்தத் திண்ணையில் உட்கார்ந்து யானை பார்க்கிறவர்கள் பார்ப்பது வறண்ட நாட்டு விவசாயியின் தேவையால் வந்த காட்சி. ஹோட்டல் சுவரில் ராஜா படம் மாட்டினால் பக்கத்தில் கம்பத்து நெல்வயல் படம் ஒன்றும் மாட்ட வேண்டும்.

ஏலக்காடு_குமுளி எழுதியது:

சேட்டா, அந்தச் சுவரில் மன்னான் படமும் வேண்டும், பளியர் படமும் வேண்டும். அந்தக் காடு அந்தப் பழங்குடிகளுடையது. உள்ளே இருந்தவர்களைத்தான் வெளியே குமுளிப் பக்கம் கொண்டுவந்து குடிவைத்தார்கள். மன்னாக்குடி இன்னும் இருக்கிறது. மீன் பிடிப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஏரியில் எந்தக் கட்டை எங்கே தண்ணீருக்கு அடியில் ஒளிந்திருக்கிறது என்று இருட்டிலும் சொல்வார்கள்.

இன்னொன்று. வயணைப் பட்டை, அதாவது காட்டு லவங்கப்பட்டை, திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள் எங்கள் ஊரில் ஒரு கூட்டமே இருந்தார்கள். 1990களின் கடைசியில் வனத்துறை அவர்களைக் கூப்பிட்டு வழக்கை ஓரம் வைத்து வழிகாட்டி ஆக்கியது. இப்போது காட்டுக்குள் நடைபயணம் கூட்டிப்போகிறவர்களில் அவர்களும் உண்டு. காட்டை அழித்த கால் என்று சொன்னவர்களே இன்றைக்கு அந்தக் காலின் பின்னால் நடக்கிறார்கள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

வைகைக்கரை_செல்வம் எழுதியது:

அக்கா, ஏரியில் படகுப் பயணம் பயமில்லையா? அம்மா 2009ஐச் சொல்லி விடமாட்டேன் என்கிறார்.

ஏலக்காடு_குமுளி எழுதியது:

அம்மா சொல்வதில் தப்பில்லை தம்பி. 2009 செப்டம்பர் 30, சாயங்காலம். ஜலகன்யகா என்கிற படகு. கரையில் விலங்கு தெரிகிறது என்று எல்லாரும் ஒரு பக்கமாக நகர்ந்தபோது கவிழ்ந்தது என்று அப்போது செய்திகளில் வந்தது. 45 பேர் போய்விட்டார்கள். அன்றைக்கு ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸ் சத்தம். கடைத்தெருவில் ஒருவரும் கடை அடைக்கவில்லை, வந்தவர்களுக்கு டீயும் துணியும் கொடுத்துக்கொண்டே இருந்தோம். எங்கிருந்து வந்தார்கள் என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது மிதவைச்சட்டை போடாமல் ஏற்றமாட்டார்கள். போட்டதைக் கழற்றாதீர்கள், எழுந்து நிற்காதீர்கள், விலங்கு எந்தப் பக்கம் வந்தாலும் உட்கார்ந்த இடத்திலிருந்து பாருங்கள். அம்மாவையும் கூட்டி வாருங்கள்.

கம்பம்_பன்னீர்திராட்சை எழுதியது:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லாருக்கும் நன்றி. பாசன ஐயாவுக்கு ஒரு கேள்வி. படகில் போகும்போது அணை எங்கே எங்கே என்று அப்பா கேட்டுக்கொண்டே வந்தார், கடைசிவரை தெரியவே இல்லை. ஏன்?

ஓய்வு_பாசனம் எழுதியது:

அது ஏரியின் அந்தக் கோடியில் இருக்கிறது தம்பி, சுற்றுலாப் படகு அவ்வளவு தூரம் போகாது. நாங்களே தேக்கடியிலிருந்து எங்கள் இலாகா படகில்தான் போவோம். ஆனால் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். நமக்கு வருகிற தண்ணீர் அணை வழியாக வருவதில்லை. தேக்கடிப் பக்கத்துக் கரையில்தான் மதகு. அங்கிருந்து மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் சுரங்கம். மேற்கே கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் அதில் நுழைந்து கிழக்கே வெளியே வந்து, லோயர்கேம்பில் மின்சாரம் கொடுத்து, வைரவனாற்றில் விழுந்து, முல்லையாறாகக் கம்பத்தைத் தாண்டி வைகைக்குப் போகிறது. மட்டம் 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கத்துக்குத் தண்ணீர் ஏறாது. அதனால்தான் பேப்பரில் தினமும் அந்த எண்ணைப் பார்க்கிறோம். நீங்கள் படகு ஏறின துறைக்கு மதகு ரொம்பத் தூரம் இல்லை.

கம்பம்_பன்னீர்திராட்சை எழுதியது:

ஐயா, அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன்.

அன்றைக்கு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். சாப்பிட்டு முடித்து எல்லாரும் படுத்துவிட்டோம். பன்னிரண்டு மணிபோல எழுந்து பார்த்தால் அப்பா கட்டிலில் இல்லை. திண்ணையில் வேட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அகழிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று புல்லைப் பிடுங்கிப் பிடுங்கித் தின்கிற சத்தம் மட்டும் கேட்டது. என்னப்பா தூக்கம் வரவில்லையா என்றேன். "ஜூன் ஒண்ணாந்தேதி தண்ணி திறப்பானான்னு நாப்பது வருஷமா ரேடியோவுல கேட்டுட்டு இருந்தேன்டா. அது நிக்கிற இடத்த இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார். அப்புறம் கீழே இறங்கிப் படித்துறையில் ஒரு கை அள்ளிப் பார்க்கலாமா என்று கேட்டார். அகழியைத் தாண்டக் கூடாதப்பா, காலையில் பார்க்கலாம் என்றேன்.

காலையில் படகு ஏறும்போது மறக்காமல் குனிந்து அள்ளினார். அம்மா தலையிலும் கொஞ்சம் தெளித்தார்.